இரண்டாம் பொறுப்பாளர்

டேட்டாபேஸைக் கண்காணிக்கப் புதிதாக ஒரு மென்பொருள் கருவி வாங்குவது என்று நிர்வாகம் முடிவு செய்ததும், எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் வேலை கேள்வி முறை இல்லாமல் டேட்டாபேஸ் அக்காவின் தலையில் வந்து விழுந்தது. அவள் தலையில் விழாத வேலை அந்த அலுவலகத்தில் குறைவு. சாயங்காலம் வீட்டுக்குப் போக அவசரப்படாத ஒருத்தி கிடைத்துவிட்டால் யார்தான் சும்மா விடுவார்கள்?

மருந்துகளை மொத்தமாக வாங்கி மருத்துவமனைகளுக்கு அனுப்பும் நிறுவனம் அது. எந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, எந்தப் பெட்டி காலாவதியாகப்போகிறது, எந்த மருத்துவமனை எதைக் கேட்டிருக்கிறது எல்லாமே டேட்டாபேஸில்தான். அது நின்றால் கிடங்கும் நின்றது. ஆட்கள் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே திருதிருவென்று விழித்துக்கொண்டிருப்பார்கள். அப்படி நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் அக்காவின் வேலை. அதற்கு என்றோ அவளே எழுதிவைத்த சில நிரல்கள் இருந்தன. டிஸ்க் நிரம்பினாலோ, இணைப்புகள் அளவுக்கு மீறினாலோ அவள் போன் அலறும். வேறு யாருடைய போனும் அலறாது. இது நல்லதற்கில்லை என்று அவளே பல தடவை சொல்லியிருக்கிறாள், ஆனால் கேட்பாரில்லை.

போன வருடம் அவள் காய்ச்சலில் படுத்துக்கிடந்த மதியத்தில் டிஸ்க் நிரம்பிக் கிடங்கு பாதி நாள் படுத்துவிட்டது. அதற்கப்புறம்தான் மேலாளருக்கு ஞானம் பிறந்தது. அவர் அவளைவிட வயதில் சிறியவர், நல்லவர்தான். ஆனால் நல்லது எது என்பதை எப்போதும் ஒரு நஷ்டத்துக்குப் பிறகே தெரிந்துகொள்கிறவர்.

மூன்று கம்பெனிகளின் கருவிகளைச் சோதனைக்கு வாங்கி, டேட்டாபேஸின் நகல் ஒன்றில் மாட்டினாள். அவற்றுக்கு நீள நீளமான பெயர்கள் இருந்தன. அவள் தன் வசதிக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டாள். முதலாவது அழுத்தக்காரன். எது நடந்தாலும் சத்தம் போடாமல் ஒரு மின்னஞ்சலை அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிடும். இரண்டாவது வாயாடி. ஒரு கேள்விக்கு டேட்டாபேஸ் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தால் போதும், உடனே குறுஞ்செய்தி. தாமதம் சரியானால் சரியாகிவிட்டது என்று ஒரு செய்தி. நகல் அசலைவிட ஒரு கணம் பின்தங்கினால் அதற்கொன்று. மூன்றாவது வாத்தியார். சாமானியமாக வாய் திறக்காது. பத்து எச்சரிக்கைக்கும் மூலகாரணம் ஒன்றே என்றால் பத்தையும் கட்டி ஒன்றாகத்தான் சொல்லும். முக்கியமானது என்றால் போனில் கூப்பிட்டுப் பேசும். எடுத்தவர் பொறுப்பை ஏற்கும்வரை விடாது.

உண்மையைச் சொன்னால், முதல் வாரத்தில் அவளுக்கு வாயாடியைத்தான் பிடித்திருந்தது. தனியாக இருக்கிற வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்துகிற சத்தம் மட்டும் கேட்கும். அங்கே அவள் காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் போன் டிங் டிங்கென்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. "வரேன், வரேன். அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று அவள் அதனுடன் வாய்விட்டுப் பேசினாள். பேசிவிட்டு, தன் குரல் தனக்கே கேட்டு வெட்கப்பட்டாள். எல்லாம் பொய் எச்சரிக்கை. அது தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்துப் பார்த்தாள்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவள் கண்டிப்பானவள். ஓயாமல் கத்துகிற கருவியை நாளடைவில் யாரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் போனே அதற்குச் சாட்சி. அது மேசையில் கிடந்து எவ்வளவு அலறினாலும் அலுவலகத்தில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வாத்தியாரை அமைக்கும்போதுதான் சிக்கல் வந்தது. முதல் பொறுப்பாளர் யார் என்று கேட்டது. தன் பெயரைப் போட்டாள். அவர் பதில் சொல்லாவிட்டால் இரண்டாம் பொறுப்பாளர் யார் என்று கேட்டது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் மேலே நகரவே மறுத்தது. மூன்றாவது கட்டமும் இருந்தது. நல்லவேளை, அதைக் காலியாக விட அனுமதி உண்டு.

எழுந்துபோய் நெட்வொர்க் பார்க்கிறவரைக் கேட்டாள். கழுத்தில் எப்போதும் ஒரு கேபிளை மாலையாகப் போட்டுக்கொண்டு திரிவதால் அவருக்கு வயர் என்று பெயர்.

"சும்மா சோதனைக்குத்தான். உங்க நம்பரைப் போட்டுக்கட்டுமா?"

"அக்கா, வீட்ல ஏற்கெனவே என் போனைக் கண்டாலே ஆகறதில்ல. இதுவும் கூப்பிட்டுச்சுன்னா என்னைப் போனோட சேர்த்து வெளிய தள்ளிடுவாங்க."

பக்கத்து மேசையில் மென்பொருள் சோதிக்கும் பெண்ணுக்குக் கைக்குழந்தை. அவளைக் கேட்க அக்காவுக்கே மனசு வரவில்லை. மேலாளர், "சோதனைதானே மேடம்? ஒப்புக்கு யாராவது ஒருத்தரைப் போட்டு ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டார்.

ஒப்புக்கு ஒருவர். எல்லோருக்கும் அப்படி ஒருவர் இருப்பார் என்று மேலாளர் நினைத்துக்கொண்டார், பாவம். அவள் திரையின் முன் உட்கார்ந்து யோசித்தாள். யோசிக்க யோசிக்க யாரும் கிடைக்காதது அவளுக்கே திகைப்பாக இருந்தது. கடைசியில், மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணைத் தட்டினாள். பெயர் என்ற இடத்தில் 'தம்பி' என்று போட்டாள். தான்தான் எப்போதும் போனை எடுத்துவிடுகிறோமே, இரண்டாமவருக்கு அழைப்பு எங்கே போகப்போகிறது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அதே ஊரில், ஒரு பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறான். அவனுடைய எண் அவளுடைய முதல் சம்பளத்தில் அவள் வாங்கிக்கொடுத்தது. அம்மா அவனோடுதான் இருந்தாள். சில வருஷங்களுக்கு முன்னால், அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நாளில், இங்கே டேட்டாபேஸ் படுத்துவிட்டது. வேலையில் குறுக்கீடு வேண்டாமென்று, எச்சரிக்கை அழைப்புகளைத் தவிர வேறு எதுவும் ஒலிக்காதபடி போனை அமைத்துவிட்டு அவள் அதில் மூழ்கியிருந்தாள். தம்பி கூப்பிட்டான். மறுபடி மறுபடி கூப்பிட்டான். டேட்டாபேஸை எழுப்பி உட்காரவைத்துவிட்டு அவள் போனைப் பார்த்தபோது அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள்.

எல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிப்போன பிறகு அவன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். "மெஷின் கூப்பிட்டா உனக்குக் காது கேக்கும். நாங்க கூப்பிட்டா கேக்காது." நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. அதன் பிறகு அவன் அவளுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. கொஞ்ச காலம் அவள் விடாமல் போன் செய்து பார்த்தாள். முழுதாக அடித்து ஓயும். பிறகு அவளும் விட்டுவிட்டாள். விட்டுவிட்டாளே தவிர, ஒரு நாளாவது அவனை நினைக்காமல் இருந்ததில்லை.

சோதனை ஒத்திகை சொல்லாமல் கொள்ளாமல் நடக்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதியதே அவள்தான். அதனால் மேலாளரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒருநாள் காலை அவர் யாரிடமும் சொல்லாமல் நகல் டேட்டாபேஸை நிறுத்திவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து அக்கா, ஒரு பழுதான டிஸ்க்கை மாற்ற வயரோடு கீழ்த்தளத்து சர்வர் அறைக்குப் போயிருந்தாள். அங்கே போனுக்கு சிக்னல் கிடைக்காது என்பதால் அதை மேசையிலேயே விட்டுப்போயிருந்தாள்.

அவள் திரும்பி வந்தபோது பக்கத்து மேசைப் பெண் சொன்னாள். "உங்க போன் கத்திக்கிட்டே இருந்துச்சுக்கா. வழக்கம்போல அந்த அலாரம்தான்னு விட்டுட்டேன்."

போனை எடுத்துப் பார்த்தாள். வாயாடியின் குறுஞ்செய்திகள் வரிசை கட்டி நின்றன. அவற்றின் நடுவில் எங்கேயோ, டேட்டாபேஸ் நின்றுவிட்டது என்ற உண்மையான செய்தியும் புதைந்து கிடந்தது. அழுத்தக்காரனின் மின்னஞ்சல் ஒரு ஓரத்தில் சமர்த்தாகக் காத்திருந்தது. வாத்தியாரின் அழைப்பு இரண்டு தடவை தவறியிருந்தது. அதற்குப் பிறகு, தம்பி. அதற்குப் பிறகும் தம்பி. திரையைத் தள்ளத் தள்ள அவன்தான். என்ன நடந்திருக்கும் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நின்றபடியே அவனைக் கூப்பிட்டாள்.

முதல் மணியிலேயே எடுத்தான். மூச்சு வாங்கியது.

"எங்க இருக்க?"

"ஆபீஸ்லதான். தம்பி, அது சும்மா ஒரு சோதனை. ஒன்னும் ஆகல. உன் நம்பரை நான்தான்..."

"உசிரோட இருக்கல்ல?"

"இருக்கேன்டா."

"சரி."

வைத்துவிட்டான். அவள் மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. சாயங்காலமும் கூப்பிட்டாள். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. நல்லா வேணும் எனக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கூட்டத்தில் மேலாளர் வாத்தியாரின் அறிக்கையைத் திரையில் போட்டார். ஒவ்வொரு அழைப்பும், யார் எடுத்தார், என்ன அழுத்தினார் என்பது உட்பட அதில் இருந்தது.

"இங்க பாருங்க. முதல் ஆள் எடுக்கல. ரெண்டாவது ஆளுக்குப் போயிருக்கு. அவர் உடனே எடுத்திருக்கார். செய்தியை முழுசாக் கேட்டிருக்கார். மறுபடி ஒரு தடவை கேட்டிருக்கார். அப்புறம் ஒன்னை அழுத்திப் பொறுப்பை ஏத்துக்கிட்டிருக்கார். நம்ம ஆளுங்க யாரும் இவ்வளவு ஒழுங்கா எடுத்து நான் பாத்ததில்ல. யாரு மேடம் இது?"

"என் கூடப்பிறந்தவன் சார்."

"டேட்டாபேஸ் வேலையா?"

"லிஃப்ட் மெக்கானிக்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. "அவர் ஏத்துக்கிட்டதும் கருவி வாயை மூடிடுச்சு. நகல் அதுபாட்டுக்குப் படுத்துக் கிடந்திருக்கு. நிஜமா இருந்தா கிடங்கு என்ன ஆகியிருக்கும்?"

"அது கருவியோட தப்பு இல்ல சார். நான் போட்ட பேரோட தப்பு," என்றாள் அக்கா. முகம் சுட்டது. ஆனாலும் குரல் பிசகவில்லை. "ஒருத்தர் ஏத்துக்கிட்டும் டேட்டாபேஸ் எழுந்திரிக்கலன்னா திரும்பக் கூப்பிடற மாதிரி இதுல அமைக்க முடியும். அமைச்சுட்டேன். மத்த ரெண்டுலயும் ஆள் கேட்டாரா இல்லையான்னே அதுக்குத் தெரியாது. இது ஒன்னுதான் ஒரு மனுஷன்கிட்ட போய்ச் சேர்ற வரைக்கும் தேடுது."

அது நியாயம் என்று எல்லோருக்கும் பட்டது. வாத்தியாரையே வாங்குவது என்று முடிவானது. இரண்டாம் பொறுப்பாளராக வயரை மேலாளரே மாட்டிவிட்டார். வயர் கூரையைப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். கூட்டம் கலைந்தபோது மேலாளர் அவள் பக்கத்தில் வந்து, "அந்த நம்பரை மறக்காம எடுத்துடுங்க மேடம்" என்று தணிந்த குரலில் சொன்னார்.

அவள் மறக்கவில்லை. ஆனால் தள்ளிப்போட்டாள். இன்றைக்கு ஒப்பந்தம் பார்க்கணும், நாளைக்கு எச்சரிக்கைக்கான அளவுகளை அமைக்கணும் என்று ஏதோ ஒரு சாக்கு. தினமும் காலையில் வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறப்பாள். முதல் பொறுப்பாளர் என்று அவள் பெயர். அதற்குக் கீழே தம்பி. ஒரு வீட்டு வாசலில் இரண்டு பேருடைய செருப்பு கிடக்கிற மாதிரி இருக்கும். பார்த்துவிட்டு மூடிவிடுவாள். அவன் எதற்காக ஒன்றை அழுத்தினான் என்று மட்டும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. தொழில் பழக்கமாக இருக்கும் என்று நினைத்தாள். லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் தெரியாத எண் என்றால் எந்த வேலையில் இருந்தாலும் எடுப்பான். அக்காவின் எண்தான் அவனுக்குத் தெரிந்த எண்ணாயிற்றே.

ஒரு பொல்லாத யோசனையும் வந்தது. வாத்தியாரில் ஒத்திகை அழைப்பு என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் அவன் போன் அடிக்கும், அவன் எடுப்பான். என்ன பேச வேண்டுமோ அதை எழுதிக் கொடுத்தால் கருவி அப்படியே வாசித்துவிடும். மதிய இடைவேளையில் யாரும் இல்லாதபோது எழுதக்கூடச் செய்தாள். 'அக்கா பேசுகிறேன். அன்றைக்கு நான் எடுத்திருக்க வேண்டும்.' அந்த இரும்புக் குரலில் இதை அவன் கேட்பதை நினைத்துப் பார்த்தாள். மெஷினைத் தூது விட்டுத்தான் மன்னிப்புக் கேட்பாயா என்று அவன் கேட்டால் என்ன பதில் சொல்வது? எழுத்தெழுத்தாக அழித்தாள்.

சோதனை முடிந்து வாத்தியாரை உண்மையான டேட்டாபேஸில் மாட்டும் நாள் வந்தது. இனி சாக்குச் சொல்ல முடியாது. வயரின் எண்ணைச் சேர்த்தாள். தம்பியின் பெயருக்கு எதிரே இருந்த நீக்கு என்ற பொத்தானை அழுத்தினாள். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம் என்றாள். பெயர் போய்விட்டது. அவ்வளவுதான். விசைப்பலகையைத் தள்ளி வைத்தாள். அழுகை வந்தது. அலுவலகத்தில் அழக்கூடாது என்று எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள்.

சாயங்காலம், எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நேரம், மேசைமேல் போன் அடித்தது. பழக்கதோஷத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் ஏதோ எச்சரிக்கை என்றுதான் எடுத்தாள். தம்பி.

எடுத்துக் காதில் வைத்தாள்.

"என்னை எடுத்துட்டாங்களாம்," என்றான்.

"என்னடா?"

"மெசேஜ் வந்திருக்கு. 'நீங்கள் இரண்டாம் பொறுப்பாளர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டுள்ளீர்கள். இனி உங்களுக்கு அழைப்பு வராது.' நீதான் எடுத்தியா?"

நீக்கினால் கருவி தானாகவே செய்தி அனுப்பும் என்பது அவளுக்குத் தெரியாது. மூன்று கருவிகளையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தவள் இந்த ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருந்தாள்.

"சோதனை முடிஞ்சுதுடா. இனிமே ஆபீஸ் ஆளுங்களைத்தான் போடணும். உன்னைக் கேக்காம போட்டது தப்புதான். இனிமே தொந்தரவு வராது."

"தொந்தரவுன்னு நான் சொன்னேனா?"

அவன் பக்கம் எங்கேயோ ஒரு லிஃப்ட் ஏறும் சத்தம் கேட்டது. வேலையில் இருக்கிறான் போல.

"அப்ப உனக்கு ஏதாவது ஆனா யார்கிட்ட சொல்லும் அது?"

"எனக்கு ஆனா சொல்றது இல்லடா அது. டேட்டாபேஸுக்கு ஆனா சொல்றது."

"எனக்கு அப்படிக் கேக்கல," என்றான். "உன் ஆபீஸ் பேரைச் சொல்லிச்சு. ஏதோ நின்னுபோச்சுன்னு சொல்லிச்சு. முதல் பொறுப்பாளர் பதில் அளிக்கவில்லைன்னு சொல்லிச்சு. அது நீதானே? திரும்ப ஒரு தடவை கேட்டேன். அதையேதான் சொல்லிச்சு. அப்புறம் நான் கூப்பிடறேன், கூப்பிடறேன், நீ எடுக்கல. அன்னிக்கும் இப்படித்தான் கூப்பிட்டுக்கிட்டே நின்னேன். அன்னிக்கு அம்மா. இன்னிக்கு நீயுமான்னு ஆயிடுச்சு. பாதி வேலையில வண்டியை எடுத்துக்கிட்டு உன் ஆபீஸ் பக்கம் வந்துட்டேன், தெரியுமா? வழியிலதான் நீ கூப்பிட்ட."

அன்றைக்கு அவனுக்கு மூச்சு வாங்கியது ஏன் என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசியாகக் கிளம்பிய பக்கத்து மேசைப் பெண் கையசைத்துவிட்டுப் போனாள். அக்கா பதிலுக்குக் கையசைக்க மறந்துபோனாள்.

"அப்புறம் ஏன்டா நான் கூப்பிட்டா எடுக்கல?"

"கோவம்," என்றான். சின்ன வயசில் சொல்வது போலவே இருந்தது.

"அன்னிக்கு நான் எடுத்திருக்கணும்டா. அம்மாவுக்காக இல்லன்னாலும் உனக்காகவாவது எடுத்திருக்கணும். நீ தனியா நின்னிருக்க." இதைச் சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அவன் தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது.

"ஒன்னு கேக்கட்டுமா?" என்றாள். "உனக்கு டேட்டாபேஸ் பத்தி ஒன்னும் தெரியாது. எதுக்கு ஒன்னை அழுத்தின?"

"ரெண்டை அழுத்தினா அடுத்த ஆளுக்குப் போகும்னு சொல்லிச்சு."

"ஆமா."

"உனக்கு ஏதுக்கா அடுத்த ஆளு?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் லிஃப்ட் நின்று கதவு திறந்தது. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். இதோ வரேன் என்று அவன் அவர்களிடம் சொல்வது கேட்டது.

"போனை வெச்சிடாதடா," என்றாள்.

"வெக்கல," என்றான்.